மூன்றாவது வீடும் அதன் ஈடும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எதனுள் நுழைந்தாலும் 'வாடகைக்கு விடப்படும்' என்ற அறிவித்தல் ஒன்றையேனும் காணாமல் திரும்புவது அரிது. இராமகிருஷ்ண வீதியிலும் ஹம்டன் ஒழுங்கையிலும் ஒரு காலத்தில் முற்றமும் மாமரமுமாகத் தனிவீடுகள் நின்ற காணிகளில் இன்று தொடர்மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. 1983 ஜூலைக்குப் பின்னர் சிதறிப்போன கொழும்புத் தமிழர் மீண்டும் வந்து குடியேறியதும், 1995இல் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னர் வடக்கிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்ததும், வெளிநாடு செல்லக் காத்திருந்தோர் மாதக் கணக்கில் தங்கியதும், வெளிநாடு சென்றோர் அனுப்பிய பணம் கட்டடமாக உருமாறியதும் யாவரும் அறிந்த கதையே. அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு வீட்டை வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டவர், இரண்டாவதையும் அவ்வாறே வாங்கினார். இப்போது மூன்றாவதுக்கு அலைகிறார். அவருடைய கையில் இரண்டு உறுதிகள் இருக்கவேண்டும். ஆனால் இரண்டும் வங்கியின் பெட்டகத்தில் இருக்கின்றன.

இவ்வாறானோர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இரண்டு கடனையும் ஒருமாதம் தவறாமல் கட்டி வருகிறேன். வீடுகளின் பெறுமதியோ இரண்டு மடங்காகிவிட்டது. இருந்தும் வங்கி ஏன் தயங்குகிறது?" கேள்வியில் நியாயம் உண்டு. விடையை விளங்கிக்கொள்வதற்கு, வங்கி இந்த விண்ணப்பத்தை எந்தக் கண்ணால் பார்க்கின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வங்கிக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று ஈடாக வைக்கப்படும் ஆதனத்தின் பெறுமதி. மற்றையது கடனாளியின் மாத வருமானம். எம்மவர்கள் முதலாவதை மட்டுமே எண்ணிக்கொண்டு வங்கிப் படியேறுகின்றனர். வங்கி முகாமையாளர் இரண்டாவதைப் பார்த்து விண்ணப்பத்தைத் திருப்புகின்றார். ஆதனம் என்பது வங்கியைப் பொறுத்தவரையில் இறுதிக் காப்பு மட்டுமே; தவணைப்பணம் மாதாமாதம் எங்கிருந்து வரும் என்பதே அதன் முதற் கவலை.

உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் எமது கற்பனையே; ஆயினும் வெள்ளவத்தையில் வாழ்வோருக்கு அவை அந்நியமாகத் தோன்றமாட்டா. ஒருவருக்குத் தொழிலால் மாதம் 500,000 ரூபா வருமானம். முதலாவது தொடர்மாடி வீட்டுக்கு ஒரு கோடி ரூபாவும் இரண்டாவதுக்கு ஒன்றரைக் கோடி ரூபாவும் 15 ஆண்டுகளுக்கு 12 வீத வட்டியில் கடன் பெற்றுள்ளார். தவணைப்பணம் முறையே ஏறத்தாழ 120,000 ரூபாவும் 180,000 ரூபாவும். இரண்டும் சேர்ந்து 300,000 ரூபா. இரு வீடுகளிலிருந்தும் வாடகையாக 260,000 ரூபா வருகின்றது.

தமது வருமானம் 760,000 ரூபா என அவர் கருதுகின்றார். வங்கியோ அவ்வாறு கருதுவதில்லை. வீடு சில மாதங்கள் வெறுமையாகக் கிடக்கலாம், பழுது பார்க்க வேண்டியிருக்கலாம், வாடகையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கலாம் என்று சொல்லி, வாடகையில் ஒரு பகுதியை மட்டுமே அது கணக்கில் எடுக்கும். 70 வீதத்தை எடுக்கின்றது என்று வைத்துக்கொண்டால் 182,000 ரூபா. ஆக, வங்கியின் பார்வையில் வருமானம் 682,000 ரூபா. அதில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக்கூடாது என்பது அதன் விதியாயின், எல்லை 341,000 ரூபா. ஏற்கனவே 300,000 போய்விட்டது. எஞ்சியிருப்பது 41,000 ரூபா. அந்தத் தவணைக்குக் கிடைக்கக்கூடிய கடன் 34 இலட்சம் ரூபா மாத்திரமே.

அவர் கண்வைத்திருக்கும் மூன்றாவது வீட்டின் விலை 4 கோடி. வங்கி 70 வீதம் தருமாயின் 2 கோடி 80 இலட்சம் கடன் வேண்டும். "அந்த வீட்டுக்கும் வாடகை வருமே" என்பார். உண்மை. அது மாதம் 150,000 ரூபா என்று கொள்வோம். அதிலும் 70 வீதத்தை எடுத்து, அதிலும் பாதியைத் தவணைக்கு ஒதுக்கினால் மேலும் 52,500 ரூபா கிடைக்கின்றது. அப்போதும் கடன் தகைமை 78 இலட்சத்தைத் தாண்டவில்லை. 2 கோடி 80 இலட்சத்துக்கு மாதத் தவணை 336,000 ரூபா. வாடகையோ அதில் பாதியைத்தானும் எட்டவில்லை. 4 கோடி ரூபா வீட்டுக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் வாடகை என்றால், செலவுகளைக் கழிக்கும் முன்னரே வருவாய் நான்கரை வீதம். 12 வீதத்துக்குக் கடன் வாங்கி நான்கரை வீதம் தரும் பொருளை வாங்குவதாயின், இடைவெளியை வேறொரு கை நிரப்ப வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் அந்தக் கை செட்டியார் தெரு நகைக்கடையாகவோ புறக்கோட்டை மொத்த வியாபாரமாகவோ ரொறன்ரோவில் இருக்கும் தம்பியாகவோ இருக்கின்றது.

வீட்டின் விலை ஏறும் என்ற நம்பிக்கையே இந்த இடைவெளியை இதுவரை மறைத்து வந்தது. நம்பிக்கை பொய்த்தது என்று நாம் சொல்லவில்லை. பலருக்கு அது பலித்திருக்கின்றது. ஆனால் விலையேற்றம் வீட்டை விற்கும் நாளில்தான் கைக்கு வரும். தவணையோ ஒவ்வொரு மாதமும் வரும்.

இனி, கடன் தகவல் பணியகம் பற்றி. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்தப் பணியகத்தை எமது மக்கள் 'கிறிப்' என்றே அழைக்கின்றனர். ஏதோ கறுப்புப் பட்டியல் என்றும் எண்ணுகின்றனர். அது தவறு. ஒழுங்காகக் கட்டப்படும் கடன்களும் அதிலே பதிவாகின்றன. மைத்துனரின் கடனுக்கு நீங்கள் பிணை நின்றிருந்தால் அதுவும் அங்கே உண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு வங்கிக் கிளையில் பெற்ற கடனை வெள்ளவத்தையில் வேறொரு வங்கியிடம் சொல்லாமல் விடலாம் என்று நினைப்பவர்கள் இக்காலத்திலும் இருக்கின்றார்கள் என்பது எமக்கு வியப்பளிக்கின்றது. மூன்றாவது கடனுக்கு விண்ணப்பிக்குமுன் தமது அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்ப்பது நல்லது. என்றோ தீர்த்த கடனட்டை நிலுவையொன்று தீராததாக அதில் கிடப்பதும் உண்டு.

வருமானம் போதாதபோது மக்கள் நாடும் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கின்றது.

முதலாவது, பழைய வீட்டின் மீது மேலதிகக் கடன் பெறுவது. முதல் வீட்டின் இன்றைய பெறுமதி மூன்றரைக் கோடி, கடன் மிகுதி 60 இலட்சம் என்றால், 70 வீதக் கணக்கில் இன்னும் 1 கோடி 85 இலட்சம் பெற இடமுண்டு. இதைத்தான் பலர் 'சும்மா கிடக்கும் பணம்' என்கின்றனர். அது சும்மா கிடக்கவில்லை. இடர் வரும்போது விற்றுத் தப்புவதற்கான இடைவெளியாக அது இருக்கின்றது. தவிரவும், இந்த மேலதிகக் கடனுக்கும் அதே வருமான அளவுகோல்தான். பெறுமதி இருந்தும் தகைமை இல்லாதவருக்கு இந்தக் கதவு அரைவாசிதான் திறக்கும். வேறொரு வங்கியிடம் சென்று அதே வீட்டை இரண்டாம் நிலை ஈடாக வைக்க முற்பட்டால், காணிப் பதிவகத்தில் முன்னர் பதியப்பட்டதற்கே முன்னுரிமை என்பதால், இரண்டாவது வங்கி பெரும்பாலும் முகம் சுளிக்கும்.

இரண்டாவது வழி, இருக்கின்ற ஆதனங்கள் எல்லாவற்றையும் ஒரே வங்கியின் கீழ்க் கொண்டுவந்து, எல்லாக் கடன்களுக்கும் எல்லா வீடுகளையும் கூட்டாக ஈடு வைப்பது. வங்கிகள் இதனை விரும்புகின்றன. வட்டியிலும் சிறு சலுகை தரக்கூடும். ஈட்டுறுதியிலே, 'இன்று பெறப்படும் கடனுக்கும் இனிப் பெறப்படும் சகல கடன்களுக்கும்' என்ற பொருள்படும் வாசகம் ஒன்று இருக்கும். கையெழுத்திடும் நாளில் அதை யாரும் வாசிப்பதில்லை.

எமக்கு நன்கு பழக்கமான குடும்பமொன்றின் அனுபவம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. வெள்ளவத்தையில் இரண்டு தொடர்மாடி வீடுகள் அவர்களுக்கு இருந்தன, இரண்டும் ஈட்டில். 2021இன் தொடக்கத்தில் வட்டிவீதம் நாம் கண்டிராத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டி 6 வீதத்துக்கும் கீழே இருந்த காலம் அது. மூன்றாவது வீட்டை வாங்கத் துணிந்தார்கள். வருமானம் போதாது என்று வங்கி கூறியதும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் இருந்த தாயாரின் வீட்டையும் ஈடாக வைத்தார்கள். தந்தையார் ஓய்வுக் கொடுப்பனவில் வாங்கிய, ஒரு சதம் கடனில்லாத வீடு. எழுபத்தெட்டு வயதான அந்தத் தாயார் சட்டத்தரணி காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை; மகன் கேட்டான், கொடுத்தார்.

அடுத்த ஆண்டு நடந்தவை நாடறிந்தவை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டிவீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. அவ்வாண்டு இறுதியில், மேலே கூறிய அதே சராசரி வட்டி 27 வீதத்தைத் தாண்டி நின்றது. மிதக்கும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடன்கள் எல்லாம் அதனுடன் சேர்ந்தே மிதந்தன. ஒரு கோடி ரூபாவுக்கு 15 ஆண்டுக் கடன் 8 வீதத்தில் மாதம் 95,565 ரூபா; 25 வீதத்தில் அதே கடனுக்கு 213,553 ரூபா. வாடகையோ அவ்வாறு உயரவில்லை. எந்த வாடகையாளரின் சம்பளம் அந்த ஆண்டில் இரண்டு மடங்காகியது?

அக்குடும்பம் 2023இல் இரண்டாவது வீட்டை விற்றது. விற்ற பணத்தில் அந்த வீட்டின் கடனைத் தீர்த்து, மிகுதியால் மூன்றாவது கடனைக் குறைத்துத் தாயாரின் வீட்டு உறுதியை மீட்டுவிடலாம் என்பது அவர்களின் எண்ணம். வங்கியோ முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, மிகுதிக் கடன் தீரும்வரை கொட்டாஞ்சேனை வீட்டை விடுவிக்க இயலாது என்றது. ஈட்டுறுதியில் இருந்த அந்த வாசகம் அதற்கு இடம் கொடுத்தது. வங்கியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. வேறு வங்கியும் அதையே செய்திருக்கும். தாயார் 2024இல் காலமானார். உறுதி இன்றுவரை வங்கியில்.

கூட்டாக ஈடு வைப்பவர்கள், எந்த ஆதனம் எந்தக் கடனுக்கு, எவ்வளவு தொகை கட்டியதும் எந்த ஆதனம் விடுவிக்கப்படும் என்பதைக் கையொப்பமிடுமுன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். வங்கி மறுக்கலாம். மறுத்தாலும், நிலைமை இன்னதென்று தெரிந்துகொண்டு கையொப்பமிடுவது வேறு.

வங்கி தன் பணத்தை எவ்வாறு மீட்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க, வங்கிகளால் கடன்களை அறவிடுதல் சட்டத்தின் கீழ், ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. இதனையே 'பராட்டே' என்கின்றனர். பின்னைய திருத்தத்தின்படி முதற்றொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இது பொருந்தாது. ஆயினும் கொழும்பில் வீடு வாங்கும் கடன் எதுவும் இன்று அந்த எல்லைக்குள் அடங்குவது கடினம். நெருக்கடியில் வீழ்ந்த தொழில் முயற்சியாளர்களின் கோரிக்கையை அடுத்து 2024இல் இந்த அதிகாரம் இடைநிறுத்தப்பட்டு, 2025 மார்ச் 31 வரை அது நீடிக்கப்பட்டது. அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது என்பதைப் பலர் பின்னரே உணர்ந்தனர்.

மூன்றாவது வழி, குடும்பத்தினரைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்ப்பது. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, மூத்த மகன் பெயரில் ஒன்று என்று பகிர்ந்தால் ஒவ்வொருவரின் தகைமையும் தனித்தனியாகப் பயன்படும் என்பது கணக்கு. இதில் எமக்கே உரிய சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தனது அசையாச் சொத்தைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ இயலாது. வீடு கொழும்பில் இருந்தாலும் வங்கியின் சட்டத்தரணி இதைக் கேட்கவே செய்வார். நூறாண்டைக் கடந்த இந்த விதியின் நியாயம் வேறொரு கட்டுரைக்கு உரியது. கணவர் கனடாவில் இருக்க, மனைவி இங்கே மூன்றாவது வீட்டுக்குக் கடன் கேட்டு, சம்மதக் கடிதத்துக்காக மாதக் கணக்கில் காத்திருந்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

நான்காவது, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அங்கே தமது வீட்டை ஈடுவைத்து இங்கே வாங்குவது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வட்டி குறைவு என்ற எண்ணத்தில் இது நடந்தது. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் வரும் வாடகையை அனுப்பி வெளிநாட்டுத் தவணையைக் கட்டியவருக்கு, வாடகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகவே பொருள். வெளிநாட்டுப் பிரசாவுரிமை மட்டும் உள்ளவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தையும் மறத்தலாகாது. அவர்களுக்குக் காணி வாங்கத் தடையுண்டு. தொடர்மாடி வீடுகளுக்கே விலக்கு. இரட்டைப் பிரசாவுரிமை உடையோருக்கு இத்தடை இல்லை.

வங்கி கைவிட்டபின் நாடப்படும் வழிகள் இன்னும் உண்டு. நிதிக் கம்பனிகள் கூடிய வட்டிக்குத் தரும். சீட்டு எடுத்து முற்பணம் கட்டுவோர் உண்டு. இவற்றுள் எல்லாம் ஆபத்தானது, தனியாரிடம் பணம் வாங்கிக்கொண்டு, குறித்த காலத்துள் திருப்பித் தந்தால் மீள எழுதித் தருவதாக நிபந்தனையிட்டு வீட்டை அவர் பெயருக்கே எழுதிக் கொடுப்பது. இதை ஈடு என்று நினைத்துச் செய்கின்றனர். சட்டத்தின் கண்ணில் அது விற்பனை. காலக்கெடு தவறினால், பத்தில் ஒரு பங்குப் பணத்துக்கு முழு வீடும் போய்விடும். கொட்டாஞ்சேனையில் அவ்வாறு வீடு இழந்தவர்கள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவதை அப்பகுதியார் அறிவர். ஊரில் வழக்கமான ஒற்றியை இதனுடன் குழப்பிக்கொள்வதும் நடக்கின்றது. ஒற்றியில் உரிமை உங்களுடையதே. பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை.

கொட்டாஞ்சேனை பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையின் புதிய தொடர்மாடி வீடும் கொட்டாஞ்சேனையின் பழைய வீடும் வங்கிக்கு ஒன்றல்ல. பழைய வீட்டில் பல தசாப்தங்களாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருந்து, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கு இருந்துவிட்டால், காணியின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் மதிப்பீட்டாளர் அதனைப் பெறுமதியாக எழுதமாட்டார். மாத வாடகை ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் போதாது. குடியிருப்பவரை எழுப்பவும் முடியாது. புதிய வீட்டிலோ பிரச்சினை வேறு. கூட்டாதன வரைபடம் பதிவு செய்யப்பட்டதா, கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் கிடைத்ததா, அனுமதி பெற்ற மாடிகளுக்கு மேல் ஒரு மாடி 'சேர்த்து' கட்டப்பட்டதா என்பனவெல்லாம் தெளிவாக இராவிட்டால், பளிங்கு பதித்த வீடாயினும் ஈடாக ஏற்கப்படாது. விற்பனையாளர் சாவியைத் தந்துவிட்டு உறுதியைப் 'பின்னர் தருவோம்' என்று சொல்லும் கட்டடங்களில் வாங்கியவர்கள், அந்த வீட்டைக் காட்டி அடுத்த கடனைப் பெற எண்ணுவது வீண்.

வேடிக்கை என்னவெனில், ஒரு குடும்பம் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்று எல்லை வகுத்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும், மாடியில் தொங்கும் வீட்டுக்குத் தனி உரிமை தந்த 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டமும் வந்தது ஒரே 1973ஆம் ஆண்டில்தான். இன்றைய வெள்ளவத்தை முழுவதும் இரண்டாவது சட்டத்தின் பிள்ளை. முதலாவதை நினைவில் வைத்திருப்போர் முதியவர்கள் மட்டுமே.

எண்ணிக்கைக்கு எல்லை வகுக்கும் வேலையை வேறு நாடுகளில் இன்று கடன் ஒழுங்குவிதிகள் செய்கின்றன. சிங்கப்பூரில் 2018 முதல் ஒருவரின் முதல் வீட்டுக் கடனுக்குப் பெறுமதியில் 75 வீதம் வரை, இரண்டாவதுக்கு 45 வீதம், மூன்றாவதுக்கு 35 வீதமே. பிரித்தானியாவில் 2017 செப்டெம்பர் இறுதியிலிருந்து, ஈட்டில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ளவரைத் தனி வகுப்பாகக் கருதி, புதிய வீட்டை மட்டுமன்றி எல்லா வீடுகளின் கணக்கையும் ஒருசேர ஆராய வேண்டும் என வங்கிகள் பணிக்கப்பட்டுள்ளன. லண்டனில் வாடகை வீடுகள் வைத்திருக்கும் எம்மவர் பலருக்கு இது நன்கு தெரியும். இலங்கையில் வீடுகளின் எண்ணிக்கையோடு ஏறிச்செல்லும் இத்தகைய படிமுறை விதியை நாம் காணவில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் மனப்படி முடிவெடுக்கின்றது. அதனால்தான் ஒரு வங்கி மறுத்த கடனை மற்றொன்று கொடுக்கின்றது; கடன் பெற்றவர் அதைத் தன் சாமர்த்தியம் என்று எண்ணுகின்றார்.

செலவுக் கணக்கில் விடுபடுபவற்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறோம். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 4 கோடி வீட்டுக்கு அது ஏறத்தாழ 16 இலட்சம். இதற்கு வங்கி கடன் தராது. வாடகை வருமானத்தில், பழுதுபார்ப்புக்கும் தேய்மானத்துக்குமென 25 வீதம் கழித்து மிகுதிக்கு வரி உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில் 18 இலட்சம் ரூபா விலக்குக்கு மேல் 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை அது செல்கின்றது. ஏற்கனவே நல்ல வருமானம் உள்ளவருக்கு மூன்றாவது வீட்டின் வாடகை மேல் வீதத்திலேயே வந்து விழும். மின்தூக்கி, மின்பிறப்பாக்கி, காவலாளி என்று மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் வேறு. வீடு வெறுமையாகக் கிடந்தாலும் அது நிற்பதில்லை.

வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள் எமது பகுதிகளில் அரசியலோடும் பிணைந்தவை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் தடுத்தது. அடுத்த மாதங்களில் வடக்கிலிருந்து வந்து வீடு தேடுவோர் எத்தனை பேர் துணிந்திருப்பர்? 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு. வங்கியின் கணக்கில் 30 வீதக் கழிவாக வருவது இந்த வரலாறுதான். ஆறு மாதத் தவணையைக் கையில் வைத்திராமல் மூன்றாவது ஈட்டில் கையொப்பமிடுவது எமது நகரில் துணிச்சலன்று, அறியாமை.

2025இல் சராசரி வட்டி மீண்டும் 8 வீத அளவுக்கு இறங்கியதும், விற்பனை விளம்பரங்களும் கூடியுள்ளன. மிதக்கும் வட்டி எந்த எண்ணுடன் பிணைக்கப்பட்டுள்ளது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படும், மேலெல்லை ஒன்று உண்டா என்ற மூன்றையும் கேளாமல் எவரும் வங்கியை விட்டு வெளியே வரக்கூடாது. 20 வீதத்தில் தவணை என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கவேண்டும். நாம் மேலே எடுத்த உதாரணத்தில், இருக்கின்ற இரண்டு கடன்களுக்குமான 300,000 ரூபா அப்போது 439,000 ரூபாவாகும். மூன்றாவது வீடு இல்லாமலே.

இவ்வளவையும் வீட்டுச் சொந்தக்காரர் பக்கம் நின்றே எழுதினோம். வாடகைக்கு இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் ஆறு மாத, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்பது வழக்கம். அந்த முற்பணத்தையே அடுத்த வீட்டின் முதற் கொடுப்பனவாகப் பயன்படுத்தும் சொந்தக்காரர்கள் உண்டு. அதாவது, வாடகையாளர் தாம் அறியாமலே மூன்றாவது வீட்டுக்குக் கடன் கொடுத்திருக்கின்றார், வட்டியும் ஈடும் இல்லாமல். சொந்தக்காரர் தவணை தவறி, வீடு ஏலத்தில் போனால், வாங்கியவர் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் வீட்டின் உடைமையைக் கோரலாம். முற்பணத்தை அவரிடம் கேட்க முடியாது; பழைய சொந்தக்காரரிடமோ கொடுக்க ஒன்றும் இருக்காது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்கச் சொந்தக்காரருக்கு வழிசெய்திருக்கின்றது. வாடகையாளருக்கு இருப்பது ஒரு சிறு பாதுகாப்பு. கையொப்பமிடுமுன் உறுதியின் இலக்கத்தைக் கேட்டு, காணிப் பதிவகத்தில் அந்த வீட்டின் பக்கத்தைப் பார்த்து, அதில் ஈடு எதுவும் பதியப்பட்டுள்ளதா என அறிந்துகொள்வது. கட்டணம் சொற்பம். கொழும்பில் வாடகைக்கு வீடு தேடும் எமது வாசகர்களில் அவ்வாறு போய்ப் பார்த்த ஒருவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை. கேட்டால் சொந்தக்காரர் கோபிப்பார், வீடு கை நழுவிவிடும் என்கின்றனர். அதுவும் உண்மைதான், வரிசையில் அடுத்தவர் முற்பணத்துடன் வாசலில் நிற்கின்றார்.